கடுக்குதா, காந்துதா?

"காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வீடு. இதற்கு நடுவில் அடுத்தவருக்காகத் தொண்டும் செய்தால் நமக்கு என்ன கிடைக்கும்?" என்பது கேள்வி. மன நிறைவு என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அது கொஞ்சம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறு சில கிடைத்தன.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் எங்கள் தெருவில் டீக்கடையிலும் கோயிலிலும் தமிழ்தான் பேச்சு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறேன். தினமும் கோபாலபுரம் வழியாக எல்லையைத் தாண்டிப் போய் வர வேண்டும். வார லீவு புதன்கிழமை. ரேஷன், கரன்ட் பில், மகனின் பள்ளிக்கூடம், மாமியார் வீடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் வார்டு மெம்பர் அக்கா வந்து, "தம்பி, பாலியேட்டிவ் வண்டியில வர்ற சிஸ்டருக்கு நம்மாளுங்க பேசுறது புரியலை. ஒரு நாள் கூடப் போயிட்டு வாயேன்" என்றார். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஏற்பாடு அது. 1993-ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் சின்னதாக ஆரம்பித்து, கேரளம் முழுக்கப் பரவியது. 2008-ல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல். சரி, நர்ஸ் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஆனால் எங்களுக்கு வந்த சிஸ்டர் கோட்டயத்துக்காரர்.

முதல் வீட்டில் ஒரு கள் இறக்குகிற அண்ணன். சித்தூர் தாலுகாவின் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. அதற்காக மரம் ஏறி, விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடந்தார். சிஸ்டர் "வேதன உண்டோ?" என்றார். அவர் "வலிங்க சிஸ்டர், விடிய விடிய வலி" என்றார். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது. வலிவு என்றால் ஆஸ்துமா இழுப்பு. சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவர் நெஞ்சில் வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "எப்படிங்கண்ணா வலிக்குது? கடுக்குதா, காந்துதா?" என்று கேட்டேன். "காந்துது சாமி. ரெண்டு கால்லயும் மொளகாய அரைச்சுப் பூசுன மாதிரி" என்றார். உணர்ச்சியே இல்லாத காலில் எப்படி எரியும் என்று வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. நான் சிஸ்டரிடம் அதை மலையாளத்தில் "புகச்சில்" என்று சொன்னேன். அவருக்கு உடனே பிடிபட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அப்படி வரும், அது நரம்பு வலி, அதற்கு மருந்து வேறு என்றார். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். அடுத்த தடவை போனபோது, அண்ணன் ராத்திரியில் நாலைந்து மணி நேரம் தூங்குவதாக அவர் மனைவி சொன்னார்.

களத்தில் நான் பேசினால் கேட்க ஆள் கிடையாது. எனக்கு நாற்பது வயதான பிறகு என் பேச்சால் ஒருவர் தூங்கினார். (என் மகன் தூங்குவது வேறு கணக்கு.) காசு கொடுத்தாலும் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்திருக்காது.

இனி நேரம் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். கேஸி மோகில்னர் என்பவரும் இன்னும் இருவரும் அமெரிக்காவில் செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிறருக்காகக் கொஞ்ச நேரம் செலவழித்தவர்கள், தங்களிடம் நேரம் தாராளமாக இருப்பதாக உணர்ந்தார்களாம். அதே நேரத்தைத் தமக்காகச் செலவழித்தவர்களுக்கும், ஏன், எதிர்பாராமல் ஓய்வு கிடைத்தவர்களுக்கும்கூட அந்த அளவுக்கு அது வரவில்லையாம். உணர்வு மட்டும்தான், கடிகாரம் யாருக்கும் நிற்காது. ஆனால் புதன் காலையில் நாலு வீடு ஏறி இறங்கிய பிறகு, மத்தியானம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. என் மனைவியைக் கேட்டால் வேறு சொல்வார். முதல் ஆறு மாதம் ஆர்வக் கோளாறில் எல்லாப் புதனும் போனேன், வீட்டில் தினம் சண்டை. தப்பு என்மேல்தான். இப்போது மாதம் இரண்டு புதன், அதுவும் மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தான். நீங்களும் இறங்குவதாக இருந்தால் முதலில் இந்தக் கணக்கை வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸில் போட்டோ போடுவதற்காக என்றால் வேண்டாம், படுத்திருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். நான் விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டேன், குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிட்டேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க யார் யார் எந்த நேரம் என்று காலண்டர் பின்பக்கம் எழுதினேன். என் தங்கை, "இதெல்லாம் எங்கண்ணா படிச்ச?" என்றாள். அப்பாவுக்கு இதுவரை ஒரு படுக்கைப் புண் வரவில்லை. அவரைத் துடைத்துவிடும்போது அவருக்கும் கூச்சமில்லை, எனக்கும் கூச்சமில்லை. முன்பு என் குணத்துக்கு நான் அந்த அறைக்குள்ளேயே போயிருக்கமாட்டேன்.

கள் இறக்குகிற அண்ணன் நேற்று போன் பண்ணினார். காற்று மெத்தையின் மோட்டார் சத்தம் மாறியிருக்கிறதாம், மெத்தை ஒரு பக்கம் அமுங்குகிறதாம். இந்தப் புதன் என் முறை இல்லை. சைக்கிள் கடையிலிருந்து பஞ்சர் ஒட்டும் பசை வாங்கிவைத்திருக்கிறேன், சாயங்காலம் களத்திலிருந்து திரும்பும்போது எட்டிப் பார்க்க வேண்டும்.