இமை முடி சீரம் போட்டு மேல் இமை கறுத்தால்

இமை முடி வளரப் போடும் சீரத்தை இன்றிரவே நிறுத்திவிடுங்கள். இரண்டு மாதம் போட்டதில் மேல் இமை ஓரம் கறுத்தது, கழுவியும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அது மை படிந்ததாக இருக்காது, சீரத்தில் உள்ள மருந்தின் வேலையாகத்தான் தெரிகிறது.

டப்பாவில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். பைமாட்டோப்ராஸ்ட், ஐசோப்ரோபைல் குளோப்ராஸ்டெனேட் என்று ‘ப்ராஸ்ட்’ வரும் பெயர் இருந்தால் சந்தேகம் அதன்மேல்தான். பைமாட்டோப்ராஸ்ட் முதலில் கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. இமை முடிக்கென்று 0.03% அளவில் அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்தது, அதுவும் மருத்துவர் சீட்டோடுதான்.

நிறுத்தினால் இமைக் கருமை சில மாதங்களில் பெரும்பாலும் மங்கும். கண்ணுக்குள், பாவையைச் சுற்றிய நிற வளையத்தில், பழுப்பு நிறம் கூடினால் அது நிலைத்துவிடலாம். கண் சிவப்பு, வலி, பார்வை மங்கல் இருந்தாலோ, கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுபவராக இருந்தாலோ, தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் டப்பாவோடு போங்கள்.