பூதத்துக்குள் இருக்கும் மனிதர்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் அக்கரைப்பற்று. சின்ன வயதில் இலங்கை அரச டிவியான ரூபவாஹினியில் தமிழ்ப் படம் என்றால் தெருவே எங்கள் பெரியம்மா வீட்டில்தான் நிற்கும். பூதப் படம், மாயாஜாலப் படம், எப்போதாவது வரும் ஆங்கில மிருகப் படம், எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தோம். போன கிழமை ‘பட்டணத்தில் பூதம்’ படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே எழும்பிப் போய்விட்டார்கள். வேறொன்றும் இல்லாததால்தான் நாங்கள் அன்று இவற்றை ரசித்தோமா?

ஒரு வாசகர், அக்கரைப்பற்று

அன்புள்ள தம்பி,

வேறொன்றும் இல்லை என்பது உண்மைதான். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது எங்கள் பக்கம் ஒழுங்கைக்கு ஒரு டிவி இருந்தாலே பெரிது. 1990க்குப் பிறகு யுத்தத்தால் கரண்டும் இல்லை. கார் பற்றரியில் போட்டுப் பார்த்தோம். பற்றரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். அப்படியும் கடைசிவரை இருந்து பார்த்தோமே, அதற்கு இல்லாமை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அந்தப் படங்களில் மனிதரின் கைவேலை தெரியும். 1954இல் வந்த ஜப்பானியக் காட்ஸில்லாவுக்குள் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர் இருந்தார். ரப்பர் உடுப்பு ஏறத்தாழ 100 கிலோ, அதோடு விளக்குச் சூடு வேறு. மாதிரிக் கட்டடங்களை அவர் மிதிப்பதைக் கமராவை வேகமாக ஓடவிட்டுப் பிடித்து, திரையில் சாதாரண வேகத்தில் ஓட்டினார்கள். அசைவு மெதுவாகி, ஒவ்வொரு அடியிலும் அவ்வளவு பாரம் தெரிவது அதனால்தான். அந்த உறுமல்கூட இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் என்ற, பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தித் தோல் கையுறையால் தேய்த்து எடுத்த சத்தம்.

நம் தமிழிலும் உண்டு. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பனியோடு சேர்ந்து ‘காடு’ எடுத்தது. அதில் வரும் மாமத்துகள் என்ற ஆதிகால மயிர் யானைகள், நீள மயிர் போர்த்திய சாதாரண யானைகள். அம்பாறைப் பக்கம் வேளாண்மைக் காவலுக்குப் பரணில் கிடக்கும் ஒருவரிடம் காட்டினால், பார்த்த உடனேயே “இது யானைதானே” என்பார். ஆனாலும் எழும்பிப் போகமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அவர் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். களரியில் சதங்கை கட்டி ஆடும் இராவணன் பின்வளவு மாமாதான் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். விடியப்புறம் வியர்வையில் முகப்பூச்சு வழிவதும், கிரீடத்தைக் கயிற்றால் தாடையோடு இறுக்கியிருப்பதும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். அவர் ஓர் உறுக்கு உறுக்கினால் முன்னுக்கிருக்கும் குஞ்சு குருமன் எல்லாம் தாயின் மடிக்குள் புகுந்துவிடும். மனிதரையும் அரக்கனையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண் நமக்கு அங்கேதான் வாய்த்தது. ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் பூதமாக வந்த ஜாவர் சீதாராமனையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தோம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று புள்ளி புள்ளியாக வந்த படம் பாதிக் குறையை மறைத்தது. இன்றைய டிவியில் எல்லாத் தையலும் பளிச்சென்று தெரிகிறது. அதனால் முழுப்படத்தைப் போட வேண்டாம். ‘மாயாபஜார்’ படத்தில் கடோற்கசன் சாப்பிடும் காட்சியை மட்டும் காட்டுங்கள். லட்டெல்லாம் பறந்து ரங்காராவின் வாய்க்குள் போகும். எப்படி எடுத்தார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள்.

அப்புறம் களிமண்ணில் ஒரு பூதம் செய்யச் சொல்லுங்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் ஃபோனில் படமெடுத்து, வரிசையாக ஓடவிடட்டும். அமெரிக்கத் தந்திரக்காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹவுசன் 1963இல் வந்த ஒரு படத்தில் ஏழு எலும்புக்கூடுகளைச் சண்டைபோட வைத்தது இந்த வழியில்தான். சில நிமிடக் காட்சிக்கு அவருக்கு நான்கு மாதத்துக்கு மேல் பிடித்தது. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பின்னேரம் போதும், பூதம் நாலு அடி நடந்துவிடும். எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள் தம்பி.