சிக்னலில் நின்றதும் கார் எஞ்சின் தானாக அணைந்துவிடுகிறதே, இதை நிரந்தரமாக ஆஃப் செய்து வைக்கலாமா?

"புதிதாக ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறேன். நின்று பிரேக்கை மிதித்திருந்தால் எஞ்சின் அணைகிறது, காலை எடுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. எரிச்சல் தாங்கவில்லை. மொத்தமாக ஆஃப் செய்துவிட்டால் வண்டிக்குக் கெடுதலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடுதல் எதுவும் இல்லை. 'ஸ்டார்ட் ஸ்டாப்' என்கிற இந்த வசதியைத் தாராளமாக ஆஃப் செய்யலாம். கியர் லீவர் பக்கத்திலோ டேஷ்போர்டிலோ 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைச் சுற்றி அம்புக்குறி வளைந்திருக்கும் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் போதும். ஆனால் "மொத்தமாக" என்கிறீர்களே, அதற்குத்தான் கம்பெனிக்காரர்கள் வழி வைக்கவில்லை. பெரும்பாலான கார்களில் வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது பழையபடி ஆன் ஆகி உட்கார்ந்திருக்கும். நானும் தினமும் காலையில் சீட் பெல்ட், அந்தப் பட்டன், ரிவர்ஸ் கியர் என்ற வரிசையில்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன்.

இந்த வசதியின் மேல் எனக்குப் பகை கிடையாது. நிற்கப்போவது மூன்று நொடியா மூன்று நிமிடமா என்பது ஓட்டுகிற எனக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியாது. தெரியாத ஆளிடம் முடிவை ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

மாலை ஆறரை மணிக்குச் சென்னை வேளச்சேரி விஜயநகர் பக்கம் ஓட்டிப் பாருங்கள். முன்னால் எம்டிசி பஸ் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள், எஞ்சின் அணையும். பஸ் இரண்டடி நகரும், காலை எடுப்பீர்கள், செல்ஃப் அடித்து வண்டி ஒரு குலுங்கு குலுங்கும். அந்த இரண்டடியைப் போய் முடிப்பதற்குள் மறுபடி பிரேக். சில கார்களில் குறிப்பிட்ட வேகத்தைத் தொட்ட பிறகுதான் அடுத்த முறை அணைக்கும் என்று ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள்; அந்த வேகமும் குறைவாக இருப்பதால் நம் ஊர் ஊர்தலில் அதையும் தொட்டுத் தொலைத்துவிடுகிறோம். தூங்க ஆரம்பிக்கிறவனை நிமிடத்துக்கு நான்கு தடவை தட்டி எழுப்புவது மாதிரி இருக்கும்.

அதைவிட மோசம் ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை யூ டர்ன். எதிர்ப்பக்கம் தண்ணி லாரியும் கம்பெனி கேப்களும் விடாமல் வந்துகொண்டிருக்கும். ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும்போது நுழைய வேண்டும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் அணைந்திருக்கும். காலை எடுத்து, செல்ஃப் அடித்து, கியர் பிடித்து, வண்டி நகர அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஆகிறது. காகிதத்தில் இது ஒன்றுமே இல்லை. யூ டர்னில் குறுக்கே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த ஒரு நொடி என்னவென்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். பின்னால் இருப்பவர் ஹாரனை அழுத்தியபடியே இருப்பார், அவர் மேலும் தப்பில்லை.

அடுத்தது ஏசி. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் ஏசி கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது. எஞ்சின் நின்றால் கம்ப்ரஸரும் நிற்கும், காற்று வீசும் புளோயர் மட்டும் பேட்டரியில் ஓடும். உள்ளே கூலிங் காயில் நனைந்திருக்கும். குளிர் குறையக் குறைய அந்த ஈரம் காற்றோடு கலந்து வரும், கூடவே ஒரு முடை நாற்றமும் வரும். ஏசி கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போகிறவர்கள் உண்டு. கெடவில்லை, இதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால் மே மாத மதியத்தில் இந்தத் தொல்லை குறைவு. கேபின் குளிரவே திணறும்போது எஞ்சினை அணைக்கக் கூடாது என்று வண்டிக்கே தெரியும். மார்கழிக் காலையில்தான் சிக்னலுக்குச் சிக்னல் அணைந்து அணைந்து எரியும். மழை நாளில் முன் கண்ணாடி உள்பக்கம் மங்கினால் டிஃபாகரைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் அது ஓடும்வரை எஞ்சின் அணையாது. எஞ்சின் இல்லாமல் மின்மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்களில் இந்த ஏசிப் பிரச்சினையே கிடையாது. டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் போன்றவற்றில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது, எஞ்சின் நிற்பதும் எழுவதும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதே அரிது.

இதற்கு முன் நான் ஓட்டியது மேனுவல் கியர் வண்டி. அதிலும் இதே வசதி இருந்தது, ஒருநாளும் எரிச்சல் வந்ததில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. மேனுவலில் நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தால்தான் எஞ்சின் அணையும். "கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்" என்று நாம் சொன்ன பிறகு அது அணைகிறது. ஊர்ந்து போகும்போது முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி இருந்தால் அது சும்மா இருக்கும். மறுபடி கிளட்சை மிதித்து கியர் போடுவதற்குள் எஞ்சின் தயாராகிவிடும், தாமதமே தெரியாது. ஆட்டோமேட்டிக்கில் வண்டிக்குக் கிடைப்பது பிரேக் பெடல் தகவல் மட்டும்தான். பஸ் பின்னால் இரண்டு நொடி நின்றாலும், ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றாலும் அதற்கு ஒன்றுதான்.

ஸ்கூட்டர், பைக்குகளைப் பாருங்கள். ஆக்டிவா 125-இல் இந்த வசதி இருக்கிறது, ஹீரோவின் ஸ்ப்ளெண்டரில் ஐ3எஸ் என்ற பெயரில் வந்தது. ஹேண்டில் பாரில் ஒரு ஸ்விட்ச். எந்தப் பக்கம் தள்ளிவிட்டோமோ அந்தப் பக்கமே கிடக்கும், நாளைக்கும் அடுத்த மாதமும். ஒரு லட்சம் ரூபாய் ஸ்கூட்டருக்கு இருக்கிற ஞாபகசக்தி பதினைந்து லட்சம் ரூபாய் காருக்கு இல்லாமல் போனது எப்படி?

இல்லாமல் போகவில்லை, வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் மைலேஜ் சோதனை சாலையில் நடப்பதில்லை. ரோலர் மேல் வண்டியை ஏற்றி, வகுத்துவைத்த ஒரு கால அட்டவணைப்படி ஓட்டுவார்கள். பழைய ஐரோப்பியச் சோதனையைத் தழுவிய அந்த ஓட்டம் 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறக்குறைய கால்வாசி நேரம் வண்டி நின்றுகொண்டிருக்கும், ஏசியும் போடமாட்டார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு வரும் நிற்றல்களில் அதை அணைத்துவிட்டால் மைலேஜ் எண் தானாக ஏறும். கூடவே ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. 2022-23 முதல் அது ஏறத்தாழ கிலோமீட்டருக்கு 113 கிராம். அந்தக் கணக்கிலும் ஸ்டார்ட் ஸ்டாப் உதவுகிறது. இந்த எண்களெல்லாம் செல்ல வேண்டுமானால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது ஆன் ஆகவே இருக்க வேண்டும். நாம் ஒருமுறை ஆஃப் செய்து அது அப்படியே கிடந்தால் அவர்கள் கணக்கு இடிக்கும். அமெரிக்காவிலும் இது கட்டாயமில்லை, வைத்தால் புகை அளவுக் கணக்கில் சலுகை கொடுத்தார்கள், அதனால் எல்லாரும் வைத்தார்கள். 2025 மே மாதம் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், எல்லோரும் வெறுக்கிற இதைச் சரிசெய்யப் போகிறோம் என்று பதிவே போட்டார். எல்லோரும் வெறுக்கிறார்களா என்பது வேறு கதை.

சரி, பெட்ரோல் மிச்சமாகிறதா? ஆகிறது, கொஞ்சம். சின்ன பெட்ரோல் எஞ்சின் ஏசியோடு நின்ற இடத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாளைக்குப் பத்து நிமிடம் உண்மையில் அணைந்திருந்தால் ஆறில் ஒரு லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் பதினாறு பதினேழு ரூபாய். மாதத்துக்கு ஐந்நூறு. ஸ்டார்ட் செய்ய நிறைய பெட்ரோல் போகும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இப்போதைய எஞ்சின்களில் பத்து நொடிக்கு மேல் நின்றாலே அணைப்பது லாபம்தான். ஆனால் பஸ் பின்னால் மூன்று மூன்று நொடியாக அணைவது எந்தக் கணக்கிலும் சேராது.

செல்ஃப் மோட்டார் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இந்த வண்டிகளில் பல மடங்கு அதிகமான ஸ்டார்ட்டுகளுக்குத் தாங்கும் மோட்டார்தான் வருகிறது. மாருதி 2015-இல் சியாஸ் டீசலில் கொண்டுவந்த எஸ்ஹெச்விஎஸ் என்ற சின்ன ஹைப்ரிட் ஏற்பாடு போன்றவற்றில் பெல்ட்டில் ஓடும் ஜெனரேட்டரே எஞ்சினைச் சுழற்றி எழுப்புகிறது, அதனால் அந்தக் கரகரச் சத்தமும் குலுங்கலும் குறைவு. எஞ்சின் போதுமான அளவு சூடாகாவிட்டாலும், பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருந்தாலும் எஞ்சினை அணைக்காது.

பணம் போகிற இடம் பேட்டரி. இந்தக் கார்களுக்கு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி வேண்டும், சாதாரணத்தைவிட விலை நன்றாகவே அதிகம். கடைக்காரர் "நார்மலே போட்டுக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பார். பட்டனை ஒருநாள் விடாமல் அழுத்துகிறவராக இருந்தால் ஒருவேளை ஓடும். மறந்து மறந்து விட்டால் சாதாரண பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். இன்னொன்று கவனியுங்கள்: முன்பு ஒழுங்காக அணைந்து எழுந்துகொண்டிருந்த வண்டி, காரணமே இல்லாமல் பல வாரம் அணையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பேட்டரி பலவீனமாகிறது என்பதற்கு பெரும்பாலும் அதுதான் முதல் அறிகுறி. பேட்டரி இறங்கி இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்க நேர்ந்தால் கருப்பு வயரை நெகட்டிவ் முனையில் மாட்டாமல் பாடியில் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்; நெகட்டிவ் முனையில் சார்ஜைக் கணக்கெடுக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாக. பல ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை வண்டி நகராத அளவுக்கு மட்டும் மெதுவாக மிதித்தால் எஞ்சின் அணையாது, அழுத்தி மிதித்தால்தான் அணையும். இரண்டு மூன்று நாளில் கால் பழகிவிடும், அப்புறம் பட்டனே தேவைப்படாது. இதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன், சமதளத்தில் மட்டும். மேம்பால ஏற்றத்தில் நன்றாகவே மிதியுங்கள். சில வண்டிகளில் ஸ்போர்ட் மோடில் போட்டால் இது தானாக ஓய்ந்துவிடும், ஆனால் மைலேஜும் கூடவே போகும்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இருக்கும் கார் உதிரிபாகக் கடைகளில் கேட்டால், கடைசியாக வைத்த நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சின்ன மாட்யூல் உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று சொல்வார்கள். வயரை வெட்டாமல் கப்ளரில் செருகுவதாக இருந்தாலும், வாரண்டி முடியும்வரை நான் தொடமாட்டேன். பானெட் சென்சாரைக் கழற்றிவிடுங்கள், பேட்டரி சென்சாரைக் கழற்றிவிடுங்கள் என்று வீடியோக்களில் வரும் யோசனைகள் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட் ஸ்டாப்போடு சேர்ந்து பேட்டரி சார்ஜ் ஆகும் விதமும் குழம்பும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அப்புறம் உண்மையான எச்சரிக்கை வந்தாலும் நீங்கள் கவனிக்கமாட்டீர்கள்.

என் பழக்கம் இதுதான்: கிளம்பும்போது ஆஃப். நூறைத் தாண்டிய எண்ணிலிருந்து குறைந்துவரும் டைமர் சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ மாட்டினால் பட்டனை அழுத்தி ஆன். நகர்ந்ததும் மறுபடி ஆஃப்.

கேட்டில் நிற்கும்போது ஒரு விஷயம். எஞ்சின் அணைந்து அமைதியாக இருப்பதால் வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து டீ குடிக்க இறங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆஃப் இல்லை, இக்னிஷன் ஆனில்தான் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்ததும் சில கார்கள் பீப் அடித்து அப்படியே நிற்கும், சில கார்கள் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். குழந்தைகள் உள்ளே இருந்தால் யோசித்துப் பாருங்கள். இறங்குவதாக இருந்தால் பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி மீட்டர் விளக்குகள் அணைந்ததைப் பார்த்த பிறகு இறங்குங்கள்.