யூதர்களிடம் போலந்து மன்னிப்புக் கேட்டது 1991-லா, 2001-லா?

கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள்; இரண்டு ஆண்டுமே சரிதான். கேட்டவரும் காரணமும் வேறு. 1991 மே மாதம் அன்றைய போலந்து அதிபர் லேக் வலேசா இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். 2001 ஜூலை 10 அன்று அப்போதைய அதிபர் க்வாஷ்னியெவ்ஸ்கி கேட்டது போலந்தின் யெத்வாப்னே ஊரில். 1941-இல் அங்கே போலந்துக்காரர்கள் அண்டை வீட்டு யூதர்களைக் கொட்டகையில் அடைத்து எரித்ததற்காக.

உங்கள் கட்டுரையில் "போலந்து மக்கள் அனைவர் சார்பில்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தன் பெயராலும், அந்தக் குற்றத்தால் மனசாட்சி உறுத்தும் போலந்துக்காரர்கள் பெயராலும் என்றுதான் க்வாஷ்னியெவ்ஸ்கி சொன்னார். அந்த வரம்பு முக்கியம். ஊர்க்காரர்கள் பலர் நிகழ்ச்சிக்கே வரவில்லை.

யெத்வாப்னே பலி எண்ணிக்கை குழம்புவதற்குப் பெரும்பாலும் பழைய நினைவுக்கல்தான் காரணம். 1600 பேர் என்றும், கொன்றது ஜெர்மானியர் என்றும் அதில் இருந்தது, 2001-இல் அகற்றினார்கள். பிறகு போலந்து அரசின் தேசிய நினைவு நிறுவனத்தின் விசாரணை சொன்னது, குறைந்தது 340. நீங்கள் எடுத்த நூலில் 1600 மட்டும் இருந்தால் அது விசாரணைக்கு முந்தைய தகவல்.

ஆனால் 340-ஐயும் இறுதிக் கணக்காகக் கொள்ளாதீர்கள், "குறைந்தது" என்பதை விடாமல் எழுதுங்கள். இறந்தோர் எலும்பைக் கலைப்பதை யூத சமயச் சட்டம் ஏற்காததால் புதைகுழியைத் தோண்டும் பணி முழுமையாக நடக்கவில்லை.