கீழ் கடைவாய்ப் பல்லுல ரப்பர் டேம் (வேலை பாக்கற பல்ல மட்டும் வெளிய விடற ரப்பர் ஷீட்) கிளாம்ப் (அத பல்லுல பிடிச்சு வெக்கற கவ்வி) வழுக்கிட்டே இருக்கு, என்ன பண்றது?

முக்காவாசி நேரம் பிரச்சன உங்க கைவேலைல இல்ல, கிளாம்ப் செலக்‌ஷன்லதான். அதோட நாலு முனையும் பல்லோட அகலமான பகுதிக்குக் கீழ, ஈறு பக்கமா உக்காரணும், மூணு தொட்டு ஒண்ணு அந்தரத்துல நின்னா ஷீட்ட இழுத்ததும் பிச்சுக்கிட்டு பறக்கும். அதனால ஷீட் போடறதுக்கு முன்னாடி வெறும் கிளாம்ப மாட்டி வில்லு (ரெண்டு பக்கத்தையும் இணைக்கற வளைவு) மேல விரலால அழுத்திப் பாருங்க, ஆடுச்சுன்னா வேற சைஸ். பாதி முளைச்ச பல்லுக்கு முனை கீழ்நோக்கி இருக்கற 14ஏ நம்பர் கிளாம்ப் நல்லா பிடிக்கும், ஆனா ஈறுல குத்தும், அங்க மரத்துப்போக ஊசி போட்டுட்டே மாட்டுங்க, பேஷண்ட் பாவம்.

ட்ரையல் பாக்கறப்பவே கிளாம்புல ஃப்ளாஸ் (பல்லிடுக்கு நூல்) கட்டிடணும், இதுல சோம்பேறித்தனமே கூடாது. கிளாம்ப் உடைஞ்சா பொதுவா வில்லுலதான் உடையும், அதனால நூல் கிளாம்ப்போட ரெண்டு ஓட்டை வழியாவும் போகட்டும், அப்பதான் ரெண்டு துண்டும் தொண்டைக்குள்ள போகாம வெளிய வரும். கிளாம்ப மாட்டற ஃபோர்செப்ஸ (இடுக்கி) தேவைக்கு மேல விரிக்காதீங்க, கிளாம்ப்போட ஸ்ப்ரிங் போயிடும்.

ஷீட் பல்லிடுக்குல இறங்கலன்னா வாசலின் தடவாதீங்க, லேடெக்ஸ் வீணாகும், காம்போசிட்டும் (பல் நிறத்துல அடைக்கற பொருள்) சரியா ஒட்டாது. தண்ணில கரையற ஜெல்லி போதும். ஓரத்த மட்டும் முதல்ல நுழைச்சு ஃப்ளாஸால கீழ தள்ளுங்க, தள்ளுனப்புறம் நூல மேல தூக்காம பக்கவாட்டுல உருவுங்க, இல்லன்னா ஷீட்டும் கூடவே வந்துடும். அப்புறம் லேடெக்ஸ் அலர்ஜி இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, இருந்தா நைட்ரைல் ஷீட்.