தெருவோரக் குப்பை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தெருமுனையைக் காலையில் கூட்டிப் பெருக்கினாலும் மாலைக்குள் மீண்டும் குப்பை குவிந்துவிடுகிறது. மக்களுக்குப் பொறுப்பில்லை என்பதுதானே ஐயா காரணம்?

பதில்: பொறுப்பின்மை ஒரு பகுதிதான். ஓர் இடம் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதைப் பொறுத்தே அங்கு வருபவரின் நடத்தையும் மாறுகிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஒரு சந்தில் நிறுத்தப்பட்டிருந்த சைக்கிள்களின் கைப்பிடிகளில் துண்டறிக்கைகளை மாட்டிவிட்டு, அருகில் குப்பைத்தொட்டி இல்லாத நிலையில் உரியவர்கள் அவற்றை என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 விழுக்காட்டினரும், அதே சுவரில் கிறுக்கல்கள் நிறைந்திருந்தபோது 69 விழுக்காட்டினரும் காகிதத்தைக் கண்ட இடத்தில் விட்டுச் சென்றார்கள். ஆட்கள் ஒரே வகையினர்தாம், சுவர்தான் வேறு.

ஆகவே மாலையில் கிடக்கும் குவியலைவிட, பெருக்கிய பிறகு வந்து விழும் முதல் பையையே நீங்கள் கவனிக்க வேண்டும். அது எந்த நேரத்தில், யாரால் வைக்கப்படுகிறது என்று சில நாட்கள் பார்த்தால் காரணம் தானாகத் தெரியவரும். குப்பை வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள் வேலைக்குப் புறப்படும் வழியில் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால், அவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட வண்டியின் நேரத்தை மாற்றித் தருமாறு உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்பதே பயன் தரும்.

கேள்வி: குப்பைத்தொட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதாதா?

பதில்: தொட்டி வைப்பது எளிது, அதை உரிய நேரத்தில் காலி செய்வதுதான் கடினம். நிரம்பி வழியும் தொட்டி, தன்னைச் சுற்றித் தரையிலும் போடலாம் என்று வருபவர்களுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறது. மூடியில்லாவிட்டால் காற்றும் பறவைகளும் நாய்களும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. டோக்கியோவில் 1995ஆம் ஆண்டின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு, பாதுகாப்புக் கருதிப் பொது இடங்களிலிருந்த தொட்டிகள் பெருமளவில் அகற்றப்பட்டன. ஆயினும் மக்கள் குப்பையைக் கையோடு வீட்டுக்கு எடுத்துச் செல்வதால் தெருக்கள் பெரும்பாலும் தூய்மையாகவே உள்ளன. இதை அப்படியே எல்லா ஊர்களிலும் செய்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தம், பூங்கா வாயில் போன்று மக்கள் நின்று உண்டு குடிக்கும் இடங்களில் தொட்டி கட்டாயம் வேண்டும். ஆனால், நாள்தோறும் காலி செய்ய ஆளில்லாத இடத்தில் தொட்டி இல்லாதிருப்பதே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: "இங்கே குப்பை கொட்டாதீர்" என்ற பலகையால் பயன் உண்டா?

பதில்: குறைவு. குவியலின் நடுவே நிற்கும் அந்தப் பலகை, இங்கே எல்லோரும் கொட்டுகிறார்கள் என்றுதான் சொல்கிறது. வேறு எங்கே, எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று எழுதி வைத்தால் படிப்பவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

கேள்வி: சிகரெட் துண்டு சிறியதுதானே, மழையில் மக்கிவிடாதா?

பதில்: மக்காது. பஞ்சுபோலத் தோன்றும் அந்த வடிகட்டி பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் ஒருவகை நெகிழியால் ஆனது. அது சிதைவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். மழை அதை வடிகாலுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோகும்போது, அதில் படிந்துள்ள நிக்கோட்டினும் பிற நச்சுப்பொருள்களும் நீரில் கரைகின்றன.

கேள்வி: பெருக்கிய குப்பையை அங்கேயே எரித்துவிடலாமா?

பதில்: கூடாது. நெகிழி கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுப்பொருள்கள் உருவாகின்றன. சருகுகளை மட்டும் தனியே பிரித்து உரமாக்கலாம்.

கேள்வி: விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்ய நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சேரும் மூட்டைகளை யார், எப்போது எடுத்துச் செல்வார்கள் என்பதை உள்ளாட்சியிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையேல் சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் குவித்து வைத்ததோடு வேலை முடிந்துவிடும். தடித்த கையுறையும் மூடிய காலணியும் எல்லோருக்கும் வேண்டும். உடைந்த கண்ணாடியைப் பெரியவர்கள் இடுக்கியால் எடுக்கட்டும். மூட்டையை உடலோடு அணைத்துத் தூக்கக் கூடாது. ஊசிகள் தென்பட்டால் பிள்ளைகளை விலக்கிவிட்டு, இடுக்கியால் எடுத்துத் துளைக்க முடியாத கெட்டியான புட்டியில் போட்டு மூடி, தனியாக ஒப்படையுங்கள். எந்த வகைக் குப்பை அதிகம் கிடைத்தது என்றும் எழுதி வையுங்கள். தேநீர்க் குவளைகள்தாம் அதிகம் என்றால் நீங்கள் பேச வேண்டியது தேநீர்க் கடைக்காரரிடம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரே எதிரிலுள்ள காலிமனையில் வீசுகிறார். சண்டையாகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: வீசும் கணத்தில், பிறர் முன்னிலையில் கேட்காதீர்கள், மானப் பிரச்சினையாகிவிடும். வேறொரு நேரத்தில் தனியாகச் சந்தித்து, வண்டி வரும்போது அவருடைய பையையும் சேர்த்து நீங்களே கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் பாருங்கள். நேரமின்மைதான் காரணம் என்றால் அதிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகும் தொடர்ந்தால் மனையின் உரிமையாளரைக் கண்டுபிடித்து வேலி போடச் சொல்லுங்கள். அவரும் அசையாவிட்டால், தெருவினர் பலர் கையெழுத்திட்டு உள்ளாட்சியில் புகார் கொடுங்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அது தனிப்பட்ட பகையாகவே பார்க்கப்படும்.