பூனையை மருந்துச் சீட்டில் எழுத மாட்டேன்

மனநலம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னால் இந்த மாதம் பாதிக் கடிதங்கள் பூனையைப் பற்றி வந்திருக்கின்றன. பழைய வேண்டுகோள்தான்: வயது, ஊர், சாப்பிடும் மாத்திரையின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். பாதிக் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

கே: அம்மாவுக்கு 74 வயது. கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். துணைக்கு ஒரு பூனை வாங்கிக் கொடுக்கலாமா?

அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். அவருக்குப் பிரியம் என்றால் நல்ல யோசனைதான். தனியாக இருப்பவர்களுக்கு முதலில் குலைவது வேளாவேளைச் சாப்பாடும் தூக்கமும். விடிந்ததும் பசியோடு வந்து நிற்க ஓர் உயிர் இருந்தால், அதன் பொருட்டாவது எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார்கள். ஆனால் பூனை காலைச் சுற்றும். இந்த வயதில் இடறி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். தார்சாவிலும் புறவாசலுக்குப் போகும் வழியிலும் இரவு முழுவதும் விளக்கு எரியட்டும்.

வீட்டில் சைவம் என்றால் இன்னொரு சிக்கல். தயிர்ச்சாதத்தில் பூனை பிழைக்காது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். மீன் வாங்கச் சங்கடப்பட்டால் கடையில் விற்கும் பூனைத் தீவனத்தை வைக்கட்டும். ஏற்கெனவே புறவாசலுக்கு வந்துபோகும் பூனை இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பூனை வந்துவிட்டது என்று நீங்கள் போன் செய்வதைக் குறைத்துவிடாதீர்கள்.

கே: பூனை 'குர்குர்' என்று ஒலிப்பதற்கு எலும்பைக் கூட்டும் சக்தியும் மனச்சோர்வைப் போக்கும் சக்தியும் உண்டாமே?

அந்த ஒலியின் அதிர்வு விநாடிக்கு 25 முதல் 150 வரை இருக்கும். மற்றது அதன் மேல் கட்டிய கதை. கேட்க இதமாக இருக்கிறதா, மடியில் வைத்துக் கேளுங்கள். வலியில் துடிக்கும் பூனையும் அப்படி ஒலிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கே: மகளுக்கு 17 வயது. பாளையங்கோட்டையில் நீட் பயிற்சிக்குப் போகிறாள். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகிறாள். பெர்சியன் பூனை வாங்கினால் மன அழுத்தம் குறையும் என்கிறார்கள். அவளிடம் சொல்லாமல் பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம்.

வேண்டாம். வாங்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக 2019இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். சுமார் 250 கல்லூரி மாணவர்கள். அவர்களில் பத்து நிமிடம் பூனைகளையும் நாய்களையும் தடவிக்கொடுத்தவர்களுக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. உண்மைதான், ஆனால் அது பத்து நிமிடக் கணக்கு. ஒரு பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். பத்து நிமிடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை போதும், அத்தை வீட்டுப் பூனையும் போதும்.

அடுத்தது பெர்சியன். நீள மயிர், அதைத் தினமும் சீவ வேண்டும். ஒரு வாரம் விட்டால் சடை விழுந்து தோல் புண்ணாகும். சப்பை மூக்கால் மூச்சுக்கே திணறும், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் நாமே சுருண்டு கிடக்கிறோம், அது என்ன செய்யும்? படிப்புக்கு நடுவே தினமும் சீவுவது யார்? மகளுக்கு இடம் கிடைத்து விடுதிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்வது யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் வாங்கியவர்களின் பூனைகள்தாம் சடைபிடித்த மயிரோடு மீன் சந்தை வாசலில் நிற்கின்றன. தெருவில் பிறந்த பூனைக்காவது பிழைக்கத் தெரியும். இதற்கு அதுவும் தெரியாது.

என் உண்மையான கோபம் வேறு. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, அழுகை என்று எழுதுகிறீர்கள். பூனைக்குப் பல ஆயிரம் எடுத்துவைக்க முடிகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் அரை நாள் உட்கார முடியவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? நாளைக்குக் கல்யாணம் பேசும்போது பேச்சு வந்தால்? இதுதானே பயம்? கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துத்தான் பதில் வரும் என்று தெரிந்தும் எழுதிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். இது காத்திருக்கும் விஷயமில்லை. இந்த வாரமே மகளை அழைத்துப் போங்கள். டாக்டரிடம் அவளே பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். தேர்வெல்லாம் முடிந்து, தானே வளர்ப்பேன் என்று அவள் வாயால் கேட்டால், அன்றைக்கு ஒரு நாட்டுப் பூனைக்குட்டியை எடுத்துக்கொடுங்கள்.

கே: பூனை வந்த பிறகு மனசு நன்றாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

எந்த மாத்திரை? யார் கொடுத்தது? எத்தனை மாதமாக? ஒன்றையும் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும், போன நோய் திரும்பி வரும். நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையும் காரணமாக இருக்கலாமே, பூனைக்கு மட்டும் ஏன் பாராட்டு? மாத்திரைப் பட்டையைப் பூனைக்கு எட்டாமல் வையுங்கள். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

கே: முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். நாள் முழுவதும் பூனை பக்கத்திலேயே படுத்திருக்கும், அதுதான் எனக்கு ஆறுதல். விடியுமுன் எழுப்பிவிடுகிறது, தூக்கம் போதவில்லை.

ஒரே இடத்தில் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நல்ல துணை. ஆனால் சுளகுக்குப் பக்கத்தில் படுக்க விடாதீர்கள். புகையிலைத் தூள் அதன் மயிரில் படியும், நக்கும்போது வயிற்றுக்குள் போகும். நிகோடின் அதற்கு விஷம். கொஞ்சம் தள்ளி ஒரு சாக்கை விரித்துப் பழக்குங்கள். கைகழுவிவிட்டுத் தடவுங்கள். விடியற்காலையும் அந்தியும் பூனை ஆடும் நேரம், அதன் பிறவிக் குணம். படுக்கப்போகும் முன் அதோடு கொஞ்ச நேரம் விளையாடி, கடைசியாக உணவு வைத்து, கதவைச் சாத்திவிடுங்கள். சில நாள் கத்தும். எழுந்து போனீர்களானால் கத்தினால் வருவீர்கள் என்று கற்றுக்கொள்ளும்.

கே: மேலப்பாளையம். வாப்பா இறந்து மூன்று மாதமாகிறது. உம்மா எங்களிடம் அதிகம் பேசுவதில்லை, இரவில் பூனையிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். பூனை இடையில் புத்தி சொல்லாது, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வாயை அடைக்காது. துக்கத்தில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம். பூனை பதில் சொல்வதாக அவர் சொன்னால் அழைத்து வாருங்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலும், உடம்பு இளைத்துக்கொண்டே போனாலும், 'நானும் போய்விடுகிறேன்' என்று பேசினாலும் தாமதிக்காதீர்கள். மற்றபடி, அவர் பேசும்போது நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

கே: நான்கு மாதக் கர்ப்பம். பூனையை விரட்டச் சொல்கிறார் மாமியார்.

விரட்ட வேண்டாம். அவர் பயம், பூனைக் கழிவிலிருந்து தொற்றிக் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பற்றியதாக இருந்தால், அது நியாயமான பயம், தீர்வுதான் தவறு. பூனையின் மணல் தட்டைக் கணவர் தினமும் சுத்தம் செய்யட்டும். கழிவில் உள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் தினமும் அள்ளுவது முக்கியம். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். நீங்களும் இறைச்சியை நன்றாக வேகவைத்து, காய்கறியைக் கழுவிச் சாப்பிடுங்கள். மண்ணில் கைவைத்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கே: வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் நாள் முழுவதும் மனம் அலைபாய்கிறது.

அதற்கும் ஏதோ அவசர வேலை இருந்திருக்கும்.

கே: பூனைக்குச் சோறு வைக்க வேறு ஆளில்லை என்பதால்தான் இன்னும் இருக்கிறேன். *(பெயரில்லை, ஊரில்லை)*

இதைப் படித்ததும் 14416க்குப் போன் செய்யுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104இலும் பேசலாம். பூனை உங்களைப் பிடித்துவைத்திருக்கிறது, நல்லது, ஆனால் அவ்வளவு பாரத்தை அது ஒன்றே தாங்கக் கூடாது. வீட்டிலோ தெருவிலோ ஒருவரிடம் இந்த ஒரு வரியை அப்படியே சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

கே: வள்ளியூர். குட்டி செல்லமாகக் கீறிவிட்டது, லேசாக ரத்தம். ஊசி போட வேண்டுமா?

வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். சொல்லும் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அதற்கும் ஊசி போட்டு ஆண்டுதோறும் தொடருங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். பஸ்ஸில் என்றால் மூடியுள்ள கூடையில்.